மருந்து என்று பெயர். உள்ளே இருப்பது விஷம்!

எலிக்கு மருந்து வைத்தார்கள். மூட்டைப் பூச்சிக்கு மருந்து அடித்தார்கள். பருத்திக்கு மருந்து தெளித்தார்கள்.

இப்படித்தான் எல்லோரும் பேசுகிறோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. கரையானைக் கொல்லுவதும் மருந்து. இரண்டுக்கும் ஒரே பெயர்!

ஆனால், பின்னது மருந்து அல்ல. அது விஷம். பூச்சியைக் கொல்லும் விஷம் மனிதனையும் கொல்லும். அளவுதான் வேறு.

அதனால்தான் அதைக் காசுக்காக அடிக்கிறவர் லைசென்சு வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. எப்படி அடிக்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும், காலி டப்பாவை என்ன செய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் இருக்கின்றன.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. நூறு உயிர்களைப் பலி வாங்கிய பிறகுதான் வந்தது!

மாவில் வந்த சாவு

அது 1958-ம் ஆண்டு. கேரளத்தில் திடீர் என்று பலர் சுருண்டு விழுந்தார்கள். வாயில் நுரை தள்ளியது. மூச்சுத் திணறியது. கை கால்கள் வெட்டி இழுத்தன. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது.

என்ன நோய் என்று முதலில் தெரியவில்லை. விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. அவர்கள் சாப்பிட்டது கோதுமை மாவில் செய்த பண்டம். அந்த மாவு கப்பலில் வந்தது. அதே கப்பலில் "பாரத்தியான்" என்ற கொடிய பூச்சிக்கொல்லியும் வந்தது. அது ஒழுகி மாவில் கலந்துவிட்டது!

100 பேருக்கு மேல் இறந்து போனார்கள். அவர்கள் வயலில் மருந்து அடித்தவர்கள் அல்ல. பசிக்குச் சாப்பிட்டவர்கள்.

நாடே பதறியது. நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. விஷத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. 10 ஆண்டுகள் கழித்து, 1968-ல், பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது. 1971-ல் அதற்கான விதிகள் வந்தன.

அந்த விதிகளில் ஒன்று இது: "உணவுப் பொருளையோ கால்நடைத் தீவனத்தையோ தொடும்படி பூச்சிக்கொல்லியைக் கொண்டு போகவும் கூடாது, வைக்கவும் கூடாது."

ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வீட்டு அழுகை!

நாலு நிறம்

எழுதப் படிக்கத் தெரியாதவர் விஷத்தை எப்படி அடையாளம் கண்டு கொள்ளுவார்? அதற்கும் விதி வழி செய்திருக்கிறது.

பூச்சிக்கொல்லி டப்பாவைப் பாருங்கள். அதில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் ஒரு நிறம் இருக்கும்.

சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அதன் மேல் மண்டை ஓடும் எலும்பும் போட்டிருக்கும்.

மஞ்சள் என்றால் கடுமையான விஷம்.

நீலம் என்றால் நடுத்தர விஷம். "அபாயம்" என்று போட்டிருக்கும்.

பச்சை என்றால் குறைந்த விஷம். "எச்சரிக்கை" என்று போட்டிருக்கும்.

பச்சை நிறத்தைக் கண்டு "இது ஒன்றும் செய்யாது" என்று நினைத்துவிடக் கூடாது. அதுவும் விஷம்தான். ஆகவேதான் அதன் மேலும் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள்.

டப்பாவில் உள்ள விவரம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தால் போதாது. விற்கிற ஊரின் மொழியிலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் டப்பாவில் தமிழ் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

லைசென்சு யாருக்கு?

வீடு, ஓட்டல், கிடங்கு ஆகியவற்றுக்குப் போய், பணம் வாங்கிக் கொண்டு பூச்சி ஒழிக்கும் தொழில் செய்கிறவர் லைசென்சு எடுக்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. விவசாயப் பட்டமோ, வேதியியல் படித்த விஞ்ஞானப் பட்டமோ வேண்டும் என்கிறது விதி. அது மட்டும் போதாது. குறைந்தது 15 நாள் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இந்தப் பயிற்சிக்கென்று குறிப்பிடப்பட்ட இடங்களில் ஒன்று.

வாங்கிய லைசென்சைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. கடைக்கு வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும்.

பூச்சிக்கொல்லி இன்ஸ்பெக்டர்கள் என்று சர்க்கார் அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கடைக்குள் நுழைந்து சோதனை போடலாம். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

கவசம் இல்லாமல் போருக்கா?

மருந்து அடிக்கிறவருக்கு என்ன உடை? விதி அதையும் விட்டு வைக்கவில்லை.

உடம்பை மூடும் மேலுடை வேண்டும். தலைக்கு மூடாக்கோ தொப்பியோ வேண்டும். முழங்கைக்குப் பாதி வரை வரும் ரப்பர் கையுறை வேண்டும். தூசி புகாத கண்ணாடி வேண்டும். காலுக்குப் பூட்சு வேண்டும். தேவையான இடத்தில் மூச்சுக்கு முகமூடியும் வேண்டும். உடை துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் விஷம் போகத் துவைக்க வேண்டும்.

"நான் வாயிலா ஊற்றிக் கொள்ளுகிறேன்? எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. விஷத்துக்கு வாய் தேவை இல்லை. தோல் வழியாகப் போகும். மூச்சு வழியாகப் போகும். கண் வழியாகவும் போகும். வியர்த்த உடம்பில் இன்னும் சீக்கிரம் போகும்.

பாரத்தியான் இனத்தைச் சேர்ந்த விஷங்கள் உடலுக்குள் என்ன செய்கின்றன? நரம்பில் இருந்து தசைக்கு "வேலை செய்" என்று உத்தரவு போகிறது. வேலை முடிந்ததும் அந்த உத்தரவை அழிக்க ஒரு பொருள் இரத்தத்திலும் நரம்பிலும் இருக்கிறது. இந்த விஷம் அந்தப் பொருளைக் கட்டிப் போட்டுவிடுகிறது. உத்தரவு அழியாமல் நிற்கிறது. எச்சில் வழிகிறது, வியர்வை கொட்டுகிறது, கண்ணின் பாப்பா ஊசி முனையாகச் சுருங்குகிறது, தசை துடிக்கிறது, கடைசியில் மூச்சு நிற்கிறது.

அந்தப் பொருள் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். ஆகவே, இந்த வகை விஷத்தைத் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்கிறவருக்கு மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதி கூறுகிறது. வேலைக்குச் சேரும் முன் டாக்டர் பார்க்க வேண்டும். அதன் பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். இது முதலாளியின் கடமை. தொழிலாளிக்குச் செய்யும் தர்மம் அல்ல!

காலி டப்பா காத்திருக்கும்

மருந்து தீர்ந்துவிட்டது. டப்பா அழகாக இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. கழுவி, எண்ணெய் ஊற்றி வைக்கலாமா?

2013-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பீகாரில் சரண் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். சிறிது நேரத்தில் வயிற்றைப் பிடித்துக் கொண்டு விழுந்தார்கள். 23 குழந்தைகள் இறந்து போனார்கள்.

சமையல் எண்ணெயில் "மோனோகுரோட்டோபாஸ்" என்ற பூச்சிக்கொல்லி இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. பூச்சிக்கொல்லி இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததே காரணம் என்று கூறப்பட்டது.

காலி டப்பாவை மறுபடி யாரும் பயன்படுத்தும்படி வெளியே போடக் கூடாது. உடைத்து, குடியிருப்புக்கு வெகு தூரத்தில் புதைக்க வேண்டும் என்று 1971-ம் ஆண்டு விதியே சொல்லியிருக்கிறது. விதி இருந்தது. அது அந்தப் பிள்ளைகளின் தட்டு வரை போய்ச் சேரவில்லை.

பூட்டிய அறையில்

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம். சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலித் தொல்லை. பூச்சி ஒழிப்புக் கம்பெனி ஆட்கள் வந்து மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு குடும்பத்தினர் ஏ.சி. அறையில் படுத்துத் தூங்கினார்கள். விடிந்தபோது எல்லோருக்கும் உடல்நிலை மோசமாகிவிட்டது. தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு சிறு குழந்தைகள் இறந்தன.

போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். வழக்கு நடக்கலாம், தண்டனையும் கிடைக்கலாம். குழந்தைகள் திரும்பி வருமா?

சில விஷம் வாயில் படவே வேண்டாம். காற்றிலேயே கொல்லும். தானியக் கிடங்குகளில் "அலுமினியம் பாஸ்பைடு" மாத்திரை வைப்பார்கள். ஈரக் காற்று பட்டதும் அதில் இருந்து விஷ வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை 1 கிராம் வாயுவைக் கக்கும். அதனால் இந்த மாத்திரை பொது மக்களுக்கு விற்கக் கூடாதது. சர்க்கார் நிறுவனங்களும், அங்கீகாரம் பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் பூச்சி ஒழிப்பாளரும் மட்டுமே பயன்படுத்தலாம். படுக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

வயலில் யார் காப்பது?

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. சொந்த வீட்டுக்கும், தோட்டத்துக்கும், தான் பயிரிடும் நிலத்துக்கும் மருந்து அடிப்பவர் லைசென்சு எடுக்க வேண்டியது இல்லை. கோடிக்கணக்கான விவசாயிகள் லைசென்சுக்கு அலைய முடியுமா? நியாயம்தான்.

ஆனால், லைசென்சுக்கு விலக்கு உண்டே தவிர, விஷத்துக்கு விலக்கு கிடையாது!

2017-ல் மராட்டிய மாநிலத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் சுமார் 20 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூலிக்கு மருந்து அடித்த ஏழைகளும் அவர்களில் இருந்தார்கள்.

நிலத்துக்காரர் கவனிக்க வேண்டியது இதுதான். கூலி கொடுக்கும் முன் கையுறை கொடுங்கள். காற்று வீசும் திசைக்கு எதிராக அடிக்கச் சொல்லாதீர்கள். உச்சி வெயிலில் அடிக்கச் சொல்லாதீர்கள். கையால் மருந்தைக் கலக்கக் கூடாது. குழாய் அடைத்துக் கொண்டால் வாயால் ஊதக் கூடாது. இடையில் பீடி, வெற்றிலை கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

வாசலில் கேளுங்கள்

மருந்து அடிக்க ஆள் வந்தால், வாசலிலேயே நிறுத்தி ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. லைசென்சு எங்கே?

2. மருந்தின் பெயர் என்ன? டப்பாவில் என்ன நிறம்?

3. கையுறை, முகமூடி எங்கே?

4. எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும்? கதவு, ஜன்னல்களை எப்போது திறக்க வேண்டும்?

5. காலி டப்பாவை எடுத்துப் போவீர்களா?

பதில் சொல்லத் தெரியாதவரை உள்ளே விடாதீர்கள். குறைந்த கூலி என்று மயங்காதீர்கள்.

அப்படியும் ஆபத்து நேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரை நல்ல காற்றுக்குக் கொண்டு வாருங்கள். விஷம் பட்ட துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டாக்டர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மருந்து டப்பாவையும் மறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்தை உடனே கொடுக்க முடியும்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதிகாரி அலுவலகத்தில் இருக்கிறார். விஷமோ உங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் சட்டத்தின் வாய் நீங்கள்தான்.

கேளுங்கள். கேட்ட பிறகு கதவைத் திறங்கள்!