நிமிர்ந்த காலுக்கு யார் பொறுப்பு?

நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால் வில்லாக வளைந்திருப்பது கண்ணில் பட்டதும் வீட்டில் காரணம் தேடும் படலம் ஆரம்பமாகும். இடுப்பில் தூக்கி வைத்தது, டயப்பர் கட்டியது, அவசரப்பட்டு நடக்கவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பின்னாலேயே வைத்தியமும் வரும். பாட்டி எண்ணெய் போட்டு நீவுவார். கடையில் விலை கூடிய ஷூ வாங்குவார்கள். ஆறேழு மாதத்தில் கால் நிமிர்ந்துவிடும். நீவிய கைக்கோ ஷூவுக்கோ நல்ல பெயர் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது உழைக்காமல் வந்த பெயர்.

பிறக்கும்போதே, அதாவது யாரும் இடுப்பில் தூக்குவதற்கு முன்பே, குழந்தையின் முழங்கால் ஏறத்தாழ 15 டிகிரி வெளிப்பக்கம் வளைந்துதான் இருக்கிறது. கருப்பையில் மடங்கிக் கிடந்ததன் மிச்சம் அது. படுத்திருக்கும் குழந்தையிடம் யாரும் கவனிப்பதில்லை. எழுந்து நின்றதும் தெரிகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து பின்லாந்தின் சலேனியஸ், வான்கா இருவரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு இதன் கால அட்டவணையைக் காட்டியது. ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் கால் நேராகிறது. அதோடு நிற்பதில்லை. எதிர்த்திசையில் சாய்ந்து, மூன்று வயதையொட்டி முட்டிகள் உரசும் அளவுக்கு உள்வாங்குகிறது. ஆறேழு வயதில் பெரியவர்களுக்கு உள்ள ஐந்தாறு டிகிரி உட்சாய்வில் நிலைகொள்கிறது. ஆக, ஒன்றேகால் வயதில் எந்த வைத்தியத்தைத் தொடங்கினாலும் அது பலித்ததாகவே தோன்றும். மூன்று வயதில் தொடங்கினாலும் அப்படியே.

இதைச் சோதிக்க ஒரே வழி, வைத்தியமே செய்யாத குழந்தைகளையும் உடன் வைத்து ஒப்பிடுவது. தட்டைப் பாதத்துக்கு அப்படிச் செய்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் வெங்கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிறப்பு ஷூவும் உள்தகடும் அணிந்த குழந்தைகளுக்கும் சாதாரண ஷூ அணிந்தவர்களுக்கும் மூன்றாண்டு முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோருடைய பாதமும் மேம்பட்டிருந்தது. ஆய்வு பாதத்தைப் பற்றியது, காலைப் பற்றியது அல்ல என்று ஒருவர் மறுக்கலாம், நியாயம்தான். ஆனால் தானே சரியாகும் ஒன்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு மருந்தைப் புகழும் தவறு இரண்டிலும் ஒன்றே.

“அப்படியானால் எந்த வளைவையும் விட்டுவிடலாமா?” என்ற கேள்வி இதைவிட வலுவானது. விடக்கூடாது. முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்பு அடுக்குதான் கால் நீளத்தில் பெரும்பகுதியை உண்டாக்குகிறது. வைட்டமின் டி குறைந்தால் அந்த அடுக்கில் சுண்ணாம்பு சரியாகப் படியாது. எலும்பு இளகி வளையும். அதுதான் ரிக்கெட்ஸ். மணிக்கட்டு தடித்திருப்பதும் உயரம் குன்றுவதும் அதன் தடயங்கள். குடிநீரும் காரணமாகலாம்: ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்த நல்கொண்டா பகுதி மக்களிடம் முட்டி உரசும் குறைபாட்டை 1970-களில் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். இன்னொரு காரணம் அழுத்தம். ஓரளவுக்கு மேல் அழுத்தம் விழுந்தால் வளர்ச்சித் தட்டின் அந்தப் பக்கம் மெதுவாக வளரும். எடை மிகுந்து, சீக்கிரமே நடந்த சில குழந்தைகளுக்கு முழங்காலின் உட்புறம் இப்படிப் பின்தங்கி, வளைவு கூடிக்கொண்டே போவதுண்டு. பிளவுண்ட் நோய் என்று பெயர். ஆக, அவசரப்பட்டு நடக்கவிட்டதுதான் காரணம் என்ற வீட்டாரின் சந்தேகம் முழுப் பொய்யல்ல. ஆனால் உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்குள் தனியே நடப்பது இயல்பே என்பதால், சீக்கிரம் நடப்பது மட்டுமே நோயாகாது.

ஆகவே பார்க்க வேண்டியது வளைவு இருக்கிறதா என்பதையல்ல, அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதை. குழந்தையைப் படுக்கவைத்து, கணுக்கால்களைச் சேர்த்து, முட்டிகளுக்கு நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று சில மாதங்களுக்கு ஒருமுறை குறித்துவைத்தாலே போதும். இரண்டு வயதுக்குப் பின்னும் இடைவெளி கூடினால், ஒரு கால் மட்டும் வளைந்தால், வலியோ நொண்டலோ இருந்தால், எக்ஸ்-ரேயும் இரத்தப் பரிசோதனையும் தேவை. உண்மையிலேயே திருத்த வேண்டிய கால்களுக்கும் அறுவை மருத்துவர்கள் கையாள்வது அதே அழுத்த விதியைத்தான். அதிகம் வளரும் பக்கத்தில் சிறு உலோகத் தகட்டை இரண்டு திருகுகளால் பொருத்தி, அந்தப் பக்கத்தின் வளர்ச்சியைத் தடுத்து, மறுபக்கம் எட்டிப்பிடித்ததும் கழற்றிவிடுகிறார்கள். அப்போதும் காலை நிமிர்த்துவது குழந்தையின் வளர்ச்சிதான்.