பறந்து காட்டினால் பணம்

மணிக்கு 40 மைல் வேகத்தில் பறந்தால் பேசிய விலை முழுசாகக் கிடைக்கும். 39 மைல்தான் என்றால் பத்து சதவீதம் பிடித்தம், 38-க்கு இருபது. 36-க்கும் கீழே இறங்கினால் ஒரு காசு கிடையாது, பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். 41 மைலைத் தொட்டுவிட்டால் பத்து சதவீதம் கூடுதல், 42-க்கு இருபது, 44-க்கு நாற்பது.

1907 டிசம்பர் 23 அன்று அமெரிக்க ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல் கோர் வெளியிட்ட 486-ஆம் எண் டெண்டரில் இருந்த கணக்கு இது. கேட்ட பொருள், காற்றைவிடக் கனமான பறக்கும் இயந்திரம் ஒன்று. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதையே அன்று பலர் நம்பவில்லை. இல்லாத சாமானுக்கு டெண்டர் விடுகிறார்கள் என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன.

கிண்டலடித்தவர்கள் கவனிக்காத ஒன்று அந்தக் காகிதத்தில் இருந்தது. இறக்கை எத்தனை அடி நீளம், என்ஜினுக்கு எத்தனை குதிரைத்திறன், சட்டத்துக்கு என்ன மரம் என்று எதையுமே அது கேட்கவில்லை. இரண்டு பேரை ஏற்ற வேண்டும். 125 மைலுக்கான எரிபொருள் தாங்க வேண்டும். ஒரு மணி நேரம் இறங்காமல் பறக்க வேண்டும். கழற்றி ராணுவ வண்டியில் ஏற்றி, திரும்ப ஒரு மணி நேரத்துக்குள் பூட்ட வேண்டும். புத்தியுள்ள ஒருவன் நியாயமான காலத்துக்குள் ஓட்டப் பழகிவிட வேண்டும். எப்படிச் செய்வாய் என்பது உன் பாடு, என்ன செய்யும் என்பதை மட்டும் எங்களுக்குக் காட்டு என்ற தொனி. அரசு ஒப்பந்தத்தை ஒரு கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்தச் சில பக்கங்கள், அவை வாங்கித் தந்த விமானத்துக்குச் சற்றும் குறையாத கண்டுபிடிப்பாகத்தான் படுகின்றன.

ராணுவம் இப்படி எழுதியதற்குப் பின்னால் ஒரு சூடு இருக்கிறது. 1898-இல் ராணுவத்தை நிர்வகித்த போர்த்துறை, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் சாமுவேல் லாங்லிக்கு 50,000 டாலர் கொடுத்திருந்தது. பெரிய விஞ்ஞானி, பெரிய பெயர், பணம் முன்கூட்டியே. 1903 அக்டோபரிலும் டிசம்பரிலுமாக இரண்டு தடவை அவருடைய இயந்திரம் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது விழுந்த ஒன்பதாம் நாள், ரைட் சகோதரர்கள் தங்கள் கைக்காசில் செய்ததை கிட்டி ஹாக் கடற்கரையில் பறக்கவிட்டார்கள். 1905-இல் இதை அரசிடம் விற்க அவர்கள் எழுதிய கடிதங்களுக்கு, சூடுபட்ட பூனையின் பதில்தான் வந்தது.

1907 டிசம்பர் தொடக்கத்தில் வில்பர் ரைட் அதிகாரிகளை நேரில் பார்த்து 25,000 டாலர் என்று விலை சொன்னார். சில வாரங்களில் டெண்டர் வந்தது. அதிலிருந்த நிபந்தனைகள், உலகில் அந்தச் சகோதரர்கள் மட்டுமே எட்டக்கூடிய உயரத்தில் இருந்தன. டெண்டர் வந்த பிறகு ஓடுகிறவனுக்கு வேலை கிடைக்காது, அது எழுதப்படும்போதே அறையில் இருந்தவனுக்குத்தான் கிடைக்கும் என்று ஒப்பந்ததாரர்கள் இன்றும் சொல்வார்கள் அல்லவா, அதே கதை.

ஆனாலும் 41 பேர் விண்ணப்பித்தார்கள். சொன்ன விலையில் பத்து சதவீதத்தை டெபாசிட்டாகக் கட்டு என்ற ஒற்றை நிபந்தனை ஏறக்குறைய எல்லோரையும் வடிகட்டிவிட்டது. மிஞ்சியவர்கள் மூவர். சிகாகோக்காரர் ஒருவர் 1,000 டாலருக்குச் செய்கிறேன் என்றார், பிறகு விலகிக்கொண்டார். 20,000 கேட்ட அகஸ்டஸ் ஹெர்ரிங், விமானம் கேட்டவர்களுக்குப் பெட்டிகளில் சில பாகங்களைக் கொண்டுவந்து காட்டினார். மூவரிலும் அதிக விலை சொன்ன ரைட் சகோதரர்களுடன் 1908 பிப்ரவரி 10 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

சோதனை வர்ஜீனியாவின் ஃபோர்ட் மையரில். செப்டம்பர் 17 அன்று ஆர்வில் ரைட்டோடு லெப்டினன்ட் தாமஸ் செல்ஃபிரிட்ஜ் ஏறினார். அவர் ராணுவத்தின் பரிசோதகர். விமானம் செய்துகொண்டிருந்த போட்டிக் குழுவான கிரகாம் பெல்லின் சங்கத்து உறுப்பினரும்கூட. இன்றைய விதிகளின்படி அவரை அந்த மைதானத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள். பறக்கும்போது சுழல்விசிறி பிளந்து ஒரு கம்பியில் மோத, இயந்திரம் தலைகுப்புற விழுந்தது. செல்ஃபிரிட்ஜ் இறந்தார். ஆர்வில் பலத்த காயத்தோடு பிழைத்தார். அரசு ஒப்பந்தத்தைக் கிழித்தெறியவில்லை, கெடுவை நீட்டித்தது.

நீட்டித்த கெடு 1909 ஜூலையோடு முடிகிறது. 27-ஆம் தேதி ஒரு மணி நேரச் சோதனை தேறியது. 30-ஆம் தேதி வேகச் சோதனை. ஃபோர்ட் மையரிலிருந்து அலெக்ஸாண்ட்ரியாவில் உள்ள குன்று வரை சுமார் ஐந்து மைல், அங்கே திரும்பி அதே தூரம். கூட உட்கார்ந்தவர் லெப்டினன்ட் பெஞ்சமின் ஃபுலோய், வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒல்லியான ஆள். போகும்போது 37.735 மைல், வரும்போது 47.431. இரண்டின் சராசரி 42.583. முழு மைலுக்குத்தான் காசு என்பதால் 42-க்கான இருபது சதவீதம் சேர்ந்து 30,000 டாலர்.

இங்கே ஒரு வேடிக்கை. இரண்டு வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியான சராசரி வராது. எதிர்நீரில் துடுப்புப் போட்டவருக்குக் காரணம் தெரியும்: மெதுவாகப் போகும் பாதியில்தான் அதிக நேரம் கழிகிறது. மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். 42.03 வருகிறது. அதாவது, பத்து மைல் என்று கொண்டால், அந்த ஏறக்குறைய பதினான்கு நிமிடப் பயணத்தில் ஒரு நொடி தாமதமாகியிருந்தாலும் இந்தக் கணக்கில் 41 மைல்தான். 2,500 டாலர் போயிருக்கும்.

அபாயம் யார் தலையில் என்பதுதான் எந்த ஒப்பந்தத்துக்கும் அடிமடியில் உள்ள கேள்வி. ஆன செலவைக் கொடுத்து, மேலே லாபமும் தருவது ஒரு வகை. ரைட் ஒப்பந்தத்தைப் போல விலையை முதலிலேயே நிர்ணயித்துவிட்டு, செலவு கூடினால் உன் நஷ்டம் என்பது இன்னொரு வகை. 2014-இல் விண்வெளி வீரர்களை ஏற்றிச் செல்ல நாசா இரண்டாம் வகையைத்தான் எடுத்தது: போயிங்குக்கு 420 கோடி டாலர் வரை, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. போயிங்கின் ஸ்டார்லைனரில் 2024 ஜூனில் போன சுனிதா வில்லியம்ஸ், மறு ஆண்டு மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் திரும்பியது எல்லோருக்கும் தெரியும். கூடிப்போன செலவுக்காகப் போயிங் தன் கணக்கில் நூறு கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் எழுதியது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ரைட் ஒப்பந்த விலைக்குள் இரண்டு அதிகாரிகளுக்கு ஓட்டக் கற்றுத்தரும் வேலையும் அடங்கும். வில்பர் அதை மேரிலாந்தில் முடித்துக்கொடுத்தார். அந்த இருவரில் ஃபுலோய் இல்லை. சில நாள் அரைகுறைப் பயிற்சியோடு அவரை இயந்திரத்துடன் டெக்சாஸுக்கு அனுப்பி, நீயே பறக்கப் பழகிக்கொள் என்றார்கள். பராமரிப்புக்கு ஒதுக்கியது 150 டாலர். அது தீர்ந்ததும் அவர் சொந்தப் பணத்தைப் போட்டார். சந்தேகம் வந்தால் ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1910 மார்ச் 2 அன்று நான்கு தடவை பறந்தார், நான்காவதில் விழுந்தார். பிறகு, இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படாமல் இருக்க, படைமுகாமின் சேணம் தைப்பவரிடம் போய் ஒரு தோல்வார் செய்து வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார்.