தலைக்கவசம் தலையில் இருக்கட்டும்!

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிறிது நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். இரு சக்கர வாகனங்களில் செல்வோர் பலரிடம் தலைக்கவசம் இருக்கும். ஆனால் அது தலையில் இருக்காது. ஒருவருக்குப் பெட்ரோல் டேங்கின் மீது அமர்ந்திருக்கும். மற்றொருவருக்கு முழங்கையில் தொங்கும். காவலர் நிற்பது தெரிந்தால் தலைக்கு ஏறும்; அவ்விடத்தைக் கடந்ததும் இறங்கிவிடும்.

இவர்கள் உயிரின் அருமையை அறியாதவர்களா? இல்லை. வீட்டில் தம்மை எதிர்பார்த்திருக்கும் மனைவி மக்களை உடையவர்களே. "ஏன் கழற்றினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நெற்றி வலிக்கிறது", "மூச்சு முட்டுகிறது", "கழுத்து கடுக்கிறது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

இப்படிச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன், சாலையோரத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு தலைக்கவசத்தைத் தலையில் வைத்தும் பாராமல் வாங்கினேன். மதுரையிலிருந்து புறப்பட்ட அரை மணி நேரத்திற்குள் நெற்றியில் ஆணி அடிப்பது போன்ற வலி. மானாமதுரையில் அதைக் கழற்றிப் பின்புறக் கேரியரில் கட்டிவிட்டேன். பரமக்குடிக்குச் சற்று முன்பாகச் சாலையில் கிடந்த மணலில் வண்டி சறுக்கிற்று. தலையில் 7 தையல்கள். வண்டியைப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு வந்த என் மகள், "அத்தா! ஹெல்மெட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வதாகவே அவள் எண்ணினாள்!

அன்று நான் கற்ற பாடம் இதுதான்: தலையை உறுத்தும் கவசம் தலையில் நிலைக்காது. எனவே நெடுந்தூரம் செல்வோருக்குத் தலைக்கவசத்தின் சுகம் ஓர் ஆடம்பரமன்று. அதுவும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

ஒரு மருத்துவரின் ஆய்வு

'அரேபிய லாரன்ஸ்' என்று வரலாறு குறிப்பிடும் டி. இ. லாரன்ஸை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1935 மே மாதம் இங்கிலாந்தில், மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பியபோது அவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் பட்ட அடியால் ஆறு நாட்களில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படைவீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எழுதி வெளியிட்டார். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பாய்வொன்று, தலைக்கவசம் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும், உயிரிழப்பின் வாய்ப்பை 42 விழுக்காடும் குறைப்பதாகக் கூறுகிறது.

உள்ளே இருப்பது என்ன?

வெளியே தெரியும் கடினமான ஓடு, அடியின் வேகத்தைப் பரப்பிவிடுகிறது. அதற்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கே உண்மையான காவலன். மோதும்போது அது தான் நசுங்கி, தலைக்குச் செல்லும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. ஒரு முறை நசுங்கியது மீண்டும் எழாது. ஆகவே விபத்தில் அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தோன்றினாலும் அதைத் தொடர்ந்து அணியலாகாது.

இவ்வடுக்குக்கும் தலைக்கும் இடையே உள்ள துணி மெத்தைதான் சுகத்தைத் தருவது. கடையில் அதை மட்டும் விரலால் அழுத்திப் பார்த்து, "மெத்தென்று இருக்கிறது" என மகிழ்ந்து வாங்கிவிடுகிறோம். இதுவே நாம் செய்யும் முதல் தவறு.

அளவும் வடிவமும்

தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். புருவத்திற்கு மேல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில், பின்தலையின் புடைத்த பகுதியையும் சேர்த்துச் சுற்றி அளந்து பாருங்கள். 58 சென்டிமீட்டர் வந்தால், கவசத்தில் 580 மி.மீ. என்று குறித்திருப்பதிலிருந்து தொடங்கலாம்.

ஆனால் அளவு மட்டும் போதுமா? போதாது! சிலர் தலை உருண்டையானது. சிலர் தலை முன்பின்னாக நீண்டது. ஒரே சுற்றளவுள்ள இருவருக்கு ஒரே கவசம் பொருந்தாமற் போவது இதனால்தான். நீண்ட தலையில் உருண்டைக் கவசத்தை வைத்தால் நெற்றியை அழுத்தும், பக்கவாட்டில் தொளதொளக்கும். எனக்கு நேர்ந்தது அதுவே.

எனவே கடையிலேயே அணிந்து, வாரைப் பூட்டி, பதினைந்து இருபது நிமிடம் இருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கழற்றியதும் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்து வலித்தால் அது உங்களுக்குரியதன்று. கன்னங்கள் இலேசாக அமுங்குவது நல்லதே. மெத்தை நாளடைவில் சற்றுத் தளரும். கவசத்தை அசைத்தால் கன்னத் தோலும் உடன் அசைய வேண்டும். வார் பூட்டிய நிலையில் பின்புறத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொப்பியும் முக்காடும்

நம் இல்லங்களில் இதனையும் கவனிக்க வேண்டும். விறைப்பான விளிம்புள்ள தொப்பியின் மீது கவசத்தை அணிந்தால், அந்த விளிம்பே நெற்றியில் வடுவாகப் பதியும். தொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இறங்கியபின் அணிந்துகொள்ளலாம். பெண்கள் முக்காட்டுடன் அணிவதாயின், அந்த மெல்லிய துணியோடே அளவு பார்க்க வேண்டும். கவசத்தின் அடியில் ஊசி குத்தியிருக்கலாகாது. உயர்த்திக் கட்டிய கொண்டை கவசத்தை முன்னே தள்ளும். கூந்தலைத் தாழ்த்திக் கட்டுவதே நன்று. துணியின் முனை சக்கரத்தில் சிக்காதவாறு செருகிக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதையும் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

நெடும்பயணத்திற்கு

முகம் முழுவதையும் மூடும் கவசமே தாடைக்கும் காவல். அது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் ஒன்றரைக் கிலோ வரை எடை இருக்கும். பத்து நிமிடத்தில் தெரியாத அந்த எடை, மூன்றாவது மணி நேரத்தில் கழுத்தில் தெரியும். பொருத்தம் சமமாக இருந்தால் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். தாடைப் பக்கமும் உச்சியிலும் காற்று புகவும், பின்புறம் வெளியேறவும் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு இவை இன்றியமையாதவை. மெத்தை கழற்றித் துவைக்கக் கூடியதாக இருந்தால் வியர்வை நாற்றத்திற்கு அஞ்ச வேண்டாம். கறுப்புக் கண்ணாடி இரவில் ஆபத்து. நிறமற்றதே எப்போதும் உதவும்.

எவ்வளவு நல்ல கவசமாயினும் மணிக்கு ஒரு முறையாவது நிழலில் நிறுத்தி, கழற்றி, முகம் துடைத்து, தண்ணீர் அருந்துங்கள். நின்றுகொண்டு கழற்றலாம், ஓடும்போது கழற்றலாகாது!

முத்திரையும் சட்டமும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தை வற்புறுத்துகிறது. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 4 வயதுக்கு மேற்பட்ட அனைவரும், பின்னால் அமர்பவரும் உட்பட, அணிய வேண்டும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற தலைக்கவசங்களை விற்பதே சட்ட விரோதம். ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், முத்திரையுடன் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் சரிபார்க்கலாம். சாலையோரக் குவியலில் ஒட்டுவில்லை மட்டுமே ஐ.எஸ்.ஐ. ஆக இருப்பதும் உண்டு.

வாங்கியபின் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், ஓடு பலமிழக்கும். சாதாரண சோப்பு நீர் போதும். ஐந்தாண்டுகள் ஆனபின் புதியது வாங்கிக்கொள்வது நலம்.

வாசகர்களே! நம் வீட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்கும்போது எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்! அதன் நிறத்திற்காக வாதிடுகிறோம். தலைக்கவசத்தை மட்டும் வண்டியோடு வந்தது எதுவோ அதுவே போதும் என்று விட்டுவிடுகிறோம். அடுத்த முறை அவரைக் கடைக்கு அழைத்துச் சென்று, தலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் அமரப் போகும் நம் மகளுக்கும் ஒன்றைப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

இன்று எங்கள் வீட்டில் மூன்று கவசங்கள் உள்ளன. என்னுடையதன் பின்புறம் நிறையக் கீறல்கள். மகள் அதைப் பார்த்து எதுவும் சொல்வதில்லை. நான் புறப்படும்போது வாசலில் நின்று, வார் பூட்டிய ஓசை கேட்டபிறகுதான் உள்ளே போகிறாள்.