ஒரே மாத்திரை, உள்ளே மூணு மருந்து!

உங்களுக்குத் தெரியுமா? பி.பி. மாத்திரை போடுகிறவர்களே, போடுகிறவர்களின் பிள்ளைகளே... மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்!

● அட்டையைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் ‘டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5’ என்று இருக்கிறதா? ஒன்று என்று நினைத்து நீங்கள் விழுங்குவது மூன்று!

● பிராண்டு பெயரின் வாலில் ‘ஏ.எம்.’ இருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் கூட்டு. ‘ஹெச்’ இருந்தால் சிறுநீரைக் கூடுதலாகப் பிரிக்கும் மருந்து. கடையில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போனால் சிகிச்சையே மாறிவிடும்!

● ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதா, வேறு வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பதா? சேர்ப்பதே ஜெயிக்கிறது! அதனால் கூடுதலாக இறங்கும் பி.பி. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! 42 ஆய்வுகளை அலசி 2009-ல் போட்ட கணக்கு இது.

● இலங்கையில் 700 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று மருந்துகள், ஒவ்வொன்றும் பாதி அளவு, எல்லாம் ஒரே மாத்திரையில். ஆறு மாதத்தில் அவர்களில் 70 சதவிகிதம் பேருக்கு பி.பி. கட்டுக்குள்! வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 55 சதவிகிதம்தான்!

● ஆஸ்திரேலியாக்காரர்கள் அதற்கும் மேலே போனார்கள். நான்கு மருந்துகள், ஒவ்வொன்றும் கால் அளவு! 12 வாரத்தில் 76 சதவிகிதம் பேர் பாஸ். ஒற்றை மருந்தில் தொடங்கியவர்களில் 58!

● 1945 ஏப்ரல் 12. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்த நாள். அன்றைக்கு அவருடைய பி.பி. 300/190! வல்லரசின் தலைவருக்கே கொடுக்க அப்போது உருப்படியான மாத்திரை ஒன்றுகூட இல்லை!

● ‘பிரில்’ என்று முடியும் மாத்திரைகளுக்குப் பூர்வீகம் பாம்பு விஷம்! பிரேசில் நாட்டு விரியனின் விஷத்தை ஆராய்ந்து பிறந்ததுதான் கேப்டோபிரில். விற்பனைக்கு அனுமதி கிடைத்தது 1981-ல்!

● நம்ம ஊர் சர்ப்பகந்தா வேரையும் விடவில்லை. பம்பாய் டாக்டர் ருஸ்தம் வகீல் 1949-ல் அதைப் பற்றி எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு இன்னும் இரண்டு மருந்துகளோடு ஒரே மாத்திரையில் அடைத்தார்கள். அதில் ரெசர்பின் எவ்வளவு? வெறும் 0.1 மில்லிகிராம்!

● அம்லோடிபின் தனியாகப் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். கூடவே டெல்மிசார்டன் போன்ற ‘சார்டன்’ வகை சேர்ந்தால் அந்த வீக்கம் குறையும்! ஹைட்ரோகுளோரோதயசைடு பொட்டாசியத்தை இறக்கும், சார்டன் ஏற்றும். மருந்துக்கு மருந்தே காவல்!

● ஆனால் எல்லா ஜோடியும் பொருந்தாது. பிரில், சார்டன் இரண்டையும் சேர்த்துப் போட்டால்? 25,620 பேர் பங்கேற்ற ஆய்வு 2008-ல் பதில் சொன்னது. கூடுதல் பலன் பூஜ்யம், சிறுநீரகத் தொல்லைதான் கூடுதல்!

● கூட்டு மருந்து எல்லாமே நல்லது என்று யார் சொன்னது? 2016 மார்ச் 10 அன்று மத்திய அரசு ஒரே அடியாகத் தடை செய்த பலவகைக் கூட்டு மருந்துகள் 344!

● இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு, இரண்டு பிராண்டு. உள்ளே மட்டும் ஒரே மருந்து! யாருக்கும் தெரியாமலே டபுள் டோஸ்! எந்த டாக்டரிடம் போனாலும் பழைய அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

● டெல்மிசார்டனுக்கு ஈரக்காற்று ஆகாது. வாரம் முழுவதற்கும் பிரித்து டப்பாவில் போட்டு வைக்கிறீர்களா? கூடாது! விழுங்கப்போகிற நிமிடத்தில்தான் அட்டையைக் கிழிக்க வேண்டும்!

● நீண்ட நேரம் வேலை செய்யும் ‘எக்ஸ்.எல்.’, ‘ரிடார்ட்’ வகைகளை நசுக்காதீர்கள், மெல்லாதீர்கள். நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டியது ஒரேயடியாக உள்ளே இறங்கிவிடும்!

● காலையிலா, ராத்திரியிலா? பிரிட்டனில் 21,104 பேரை வைத்துப் பார்த்துவிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் எதிலும் வித்தியாசமே இல்லை! உங்களுக்கு மறக்காத நேரம்தான் நல்ல நேரம்.

● நேற்று மறந்துவிட்டதா? இன்றைக்கு இரண்டாகப் போடாதீர்கள்! அம்லோடிபினில் பாதி குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். உடம்பில் பழைய சரக்கு இன்னும் இருக்கிறது!

● மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிறீர்களா? ‘ஹெச்’ போட்ட சார்டன் மாத்திரையோடு அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல்! பி.பி.யும் ஏறும்!

● சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்திருக்கும்! இளநீரிலும் பொட்டாசியம் தாராளம்! சிறுநீரகம் பலவீனமாக இருந்து சார்டனும் போடுகிறவர்கள் இரண்டையும் டாக்டரிடம் கேட்டுத்தான் தொட வேண்டும்.

● தொண்டைக் கமறலுக்கு அதிமதுரம் நல்லதுதானே? பி.பி.காரர்களுக்கு இல்லை! தொடர்ந்து சாப்பிட்டால் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்!

● வாரக்கணக்கில் வறட்டு இருமலா? குற்றவாளி உங்கள் ‘பிரில்’ மாத்திரையாக இருக்கலாம்! எத்தனை சிரப் குடித்தாலும் நிற்காது. டாக்டர் மாத்திரையை மாற்றினால் நின்றுவிடும்!

● அட்டெனோலால், மெட்டோபிரோலால் கலந்த மாத்திரை போடும் சர்க்கரைக்காரர்களே, உஷார்! சர்க்கரை இறங்கினால் வரும் படபடப்பு உங்களுக்குத் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் கொட்டும். அதுதான் அலாரம்!

● பிரில், சார்டன் இரண்டுமே கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வயிற்றில் இருக்கும் சிசுவின் சிறுநீரகத்தையே பாதிக்கும்! குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லுங்கள்.

● 120/80 வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது மாத்திரை போடுவதால் வந்த 120/80! குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் முன்பிருந்ததையும் தாண்டி எகிறும்!

● பி.பி. கூட்டு மாத்திரைகள் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பிடித்தது எப்போது தெரியுமா? 2019-ல்தான்!

● 2025 ஜூனில் அமெரிக்கா புது மாத்திரை ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. பி.பி. சிகிச்சையைத் தொடங்கும் முதல் நாளிலேயே மூன்று மருந்துகள்! டெல்மிசார்டன் 10, அம்லோடிபின் 1.25, இண்டபமைடு 0.625. அதன் மிகச் சிறிய அளவில் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 12 மில்லிகிராம்கூடத் தேறவில்லை!