ஏலத்தோட்ட நிழலில் காட்டுக் காசித்தும்பை

ஆனி, ஆடியில் போடி அருகே சிலமலைப் பக்கம் வெயில் காயும். மேற்கே மலையுச்சியில் மேகம் கவிந்திருக்கும். அடிவாரத்து முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, சுமார் 4,500 அடி உயரப் போடிமெட்டுக்குப் போனால் சாரல் முகத்தில் அடிக்கும். அதற்கப்பால் ஏலத்தோட்டங்கள். ஏலச்செடிக்காக விட்டுவைத்த நிழல் மரங்களின் கீழே, நீர் கசியும் பாறையோரங்களில் ரோஸும் வெள்ளையுமாகப் பூத்திருப்பவை காட்டுக் காசித்தும்பைகள். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். வருஷந்தோறும் பூக்கிற இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வீட்டு வாசலில் வளர்க்கும் காசித்தும்பையின் சொந்தங்கள்தாம் இவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் ஏறத்தாழ 100 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. சில, மரக்கிளையில் தொற்றி வளரும்.

ஒரு பூவைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் மெல்லிய வால் ஒன்று வளைந்திருக்கும். தேன் இருப்பது அதன் நுனியில். தேனுக்காகத் தலை நுழைக்கும் பூச்சியின் முதுகில், பூவின் வாசலுக்கு மேற்புறம் இருக்கும் மகரந்தப்பை உரசும். ஐந்து மகரந்தப்பைகளும் ஒட்டிச் சேர்ந்து சூல்முடியைத் தொப்பிபோல மூடியிருக்கும். மகரந்தம் தீர்ந்தபின் தொப்பி கழன்று விழும். அப்புறம்தான் சூல்முடி வெளியே வரும். முதலில் ஆண், பிறகு பெண். ஒரு பூ தன் மகரந்தத்தையே தான் ஏற்காமலிருக்க இப்படியோர் ஏற்பாடு.

காய் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. முற்றிய காயின் சுவர்களில் நீரழுத்தம் ஏறி விறைத்து நிற்கும். விரல் பட்டாலே ஐந்து துண்டாகப் பிளந்து, ஒவ்வொன்றும் சட்டென்று சுருண்டு, விதைகளைத் தெறிக்க விடும். பிள்ளைகளிடம் கேளுங்கள், செய்தே காட்டுவார்கள்.

இந்தச் செடி ஏன் நிழலைத் தேடுகிறது? தண்டு முழுக்க நீர், இலையோ மெல்லிசு. நேர் வெயில் பட்டால் வேர் தரும் நீரைவிட இலை இழக்கும் நீர் கூடிப்போய், உச்சிப்பொழுதில் செடி துவண்டுவிடும்.

நிழல் மூலைக்கென்று நர்சரியில் தொட்டித் தொட்டியாக விற்பது பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கக் காசித்தும்பை. அதற்குப் பதிலாக, மலையில் வீடு இருப்பவர்கள் தங்கள் தோட்டத்து ஓரத்திலேயே முற்றிய காய்களின் விதைகளைச் சேகரித்து, இலைமக்கு கலந்த ஈரமண்ணில் தூவலாம். கீழே போடி, சிலமலை வெக்கையில் மலையினங்கள் பிழைக்காது; அங்கே நாட்டுக் காசித்தும்பையே போதும், காலை வெயிலும் மதிய நிழலும் இருந்தால் நன்றாகப் பூக்கும். காட்டுச்செடியை மட்டும் வேரோடு பிடுங்கி வராதீர்கள். சில இனங்களுக்கு ஒரே ஒரு மலைதான் வீடு.