ஆரணியில் சாக்ரடீஸ்

என் வகுப்பில் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சாக்ரடீஸ் வழக்கை நடத்தப்போகிறோம் என்றதும், "ராஜா ராணியில சிவாஜி நடிச்சாரே, அதுவா சார்?" என்றான் ஒருவன். தாத்தா சொல்லியிருப்பார். அதேதான், 1956, கலைஞர் வசனம். நமக்கு வசனம் வேண்டாம், வாதம் போதும் என்றேன்.

கி.மு. 399, ஏதென்ஸ். ஊர்த் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்று வழக்கு. நடுவர்கள் ஏறக்குறைய 500 பேர். சாக்ரடீஸ் தனக்காகத் தானே வாதாடினார். பேச்சு நேரத்தை அளந்தது தண்ணீர்ப் பானை. நாங்கள் பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டோம்.

வழக்குத் தொடுத்த மெலிட்டஸாக நடிக்க ஆளில்லை. கடைசியில் பாவு பிணைக்கிறவர் மகள் எழுந்தாள். "நின்னு நின்னு கேள்வி கேட்டா தறி எப்படி சார் ஓடும்?" சாக்ரடீஸுக்குப் பதில் வரவில்லை. டப்பாவில் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.