கோடையில் பூக்கும் தெக்கோமா

கெடா மாநிலத்தில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறட்சியானவை. அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடக்கும். சாலையோரப் புல் பழுப்பு நிறமாகிவிடும். அத்தகைய வெயிலில்தான் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி போன்ற நகரங்களில் சில மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு, கிளை முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்களைச் சுமந்து நிற்கின்றன. அவையே தெக்கோமா மரங்கள்.

தெக்கோமாவைப் பலர் ‘மலேசியாவின் சக்குரா’ என்று அழைக்கின்றனர். ஆயினும், ஜப்பானியச் சக்குராவுக்கும் இதற்கும் உறவில்லை. சக்குரா மலர்வதற்குக் குளிர்காலம் தேவை. தெக்கோமா மலர்வதற்கோ வறட்சி தேவை. இதன் தாவரவியல் பெயர் தபெபுயா ரோசியா என்பதாகும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலப் பகுதியே இதன் தாயகம். மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் நாட்டின் தேசிய மரமும் இதுவே. சங்க இலக்கியத்தில் பாலை நிலத்து மலராகப் போற்றப்படும் பாதிரியும் இம்மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேனிலில் பூப்பது இரண்டுக்கும் பொதுவான இயல்பாகும்.

தெக்கோமாவை அடையாளம் காண்பது எளிது. ஒரே காம்பில் விரித்த கைவிரல்களைப் போல 5 சிற்றிலைகள் அமைந்திருக்கும். பூ ஊதுகுழல் வடிவில், கொத்துக் கொத்தாக மலரும். அதன் நிறம் வெண்மை முதல் அடர் இளஞ்சிவப்பு வரை வேறுபடும். உட்பகுதி மஞ்சளாக இருக்கும். பூக்கள் உதிர்ந்தபின் நீண்ட, மெல்லிய காய்கள் தொங்கும். அவை முற்றி வெடித்ததும், சிறகு போன்ற மென்படலம் கொண்ட விதைகள் காற்றில் பறந்து செல்லும்.

இம்மரம் ஏன் இலைகளை உதிர்க்கிறது? வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரை மாநிலங்களில் பெருமழையைப் பொழிகிறது. தித்திவாங்சா மலைத்தொடரைக் கடந்து மேற்கே வரும்போது அக்காற்றில் ஈரப்பதம் குறைந்துவிடுகிறது. ஆகவே, கெடாவில் வறட்சி நிலவுகிறது. மரம் தன் இலைகளின் வழியாகவே மிகுதியான நீரை இழக்கிறது. மண்ணில் நீர் குறையும்போது, இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்புப் படலத்தை உருவாக்குகிறது. இலை உதிர்ந்துவிடுகிறது. இலைகள் மறைக்காததால் பூக்கள் தேனீக்களின் கண்ணில் எளிதில் படுகின்றன.

தோட்டத்தில் வளர்ந்தோருக்கு இது புதிய காட்சியன்று. 3 சிற்றிலைகளைக் கொண்ட ரப்பர் மரமும் இதே பருவத்தில் இலையுதிர்க்கும். புதிய இலைகள் துளிர்க்கும்போது மரத்தின் சத்து அவற்றுக்குச் செல்வதால் பால் குறையும். பால் குறைந்தால் மரம் சீவுவோரின் வருமானமும் குறையும். பூமரத்துக்கு அழகைத் தரும் வறட்சியே தோட்டக் குடும்பங்களுக்குச் சிக்கனத்தைக் கற்றுத் தருகிறது.

தெக்கோமா வளர, நாள் முழுவதும் வெயில் படும் இடமும் நீர் தேங்காத மண்ணும் வேண்டும். விதைகள் விரைவில் முளைக்கும் திறனை இழந்துவிடுவதால், காய் வெடித்த சில நாள்களிலேயே அவற்றை விதைப்பது நல்லது. இளங்கன்றுக்குத் தவறாமல் நீர் ஊற்ற வேண்டும். வேரூன்றிய மரத்துக்கு அவ்வளவு நீர் தேவையில்லை. கிளைகள் அகலமாகப் பரவும் என்பதால், வீட்டுச் சுவர், கால்வாய், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து தள்ளி நடுவதே முறை. இடம் பார்க்காமல் நட்ட மரத்தைப் பின்னர் வெட்ட நேரிடும்.

சிலர் இலையில்லாத தெக்கோமாவைக் கண்டு, அது பட்டுவிட்டது என எண்ணுகின்றனர். அளவுக்கு மீறி நீரும் உரமும் இடுகின்றனர். இதனால் தழை பெருகிப் பூ குறையக்கூடும். மரம் பட்டுவிட்டதா என்பதை அறிய, சிறு கிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறினாலே போதும். உள்ளே பசுமை தெரிந்தால் மரம் உயிருடன் இருக்கிறது. இன்னும் சிலர் உதிர்ந்த சருகுகளைக் கொளுத்துகின்றனர். வறட்சிக் காலத்தில் சிறு தீயும் பெருந்தீயாகலாம். மேலும், 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளி எரிப்பு குற்றமாகும். அச்சருகுகளை மரத்தடியில் பரப்பினால், அவை மண்ணின் ஈரத்தைக் காத்து, மட்கி உரமாகும்.

பூக்கள் நிலைத்திருப்பது சில நாள்களே; ஒரு பெருமழை பெய்தால் அவையும் உதிர்ந்துவிடும். அந்தச் சில நாள்களுக்காக ஆண்டு முழுவதும் இம்மரத்தைப் பேணுவது நம் கடமையாகும். வெறுங்கிளையாக நிற்கும் மரத்தை வெட்ட நினைப்பவர், அடுத்த சில வாரங்கள் பொறுத்திருக்கட்டும்.